பேரரசுக்குக் கடன் கொடுத்தவர்

வியன்னாவில் டான்யூப் கால்வாய்க்கு அக்கரையில் லியோபோல்ட்ஸ்டாட் என்றொரு பகுதி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அது யூதர்களின் குடியிருப்பு. 1670-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் லியோபோல்ட் அங்கிருந்த யூதர் அனைவரையும் ஊரைவிட்டே வெளியேற்றினார். அவருடைய ஆண் குழந்தை இறந்திருந்தது, அரண்மனையில் தீப்பிடித்திருந்தது, இரண்டுக்கும் பழி யூதர்கள்மேல் விழுந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த பேரரசி மார்கரிட்டா தெரேசாவும் அவர்கள் போகவேண்டும் என்றே விரும்பினார். யூதர்கள் கட்டிவந்த வரி நின்றுபோகுமே என்று கருவூலத்தார் கவலைப்பட்டபோது, அந்தத் தொகையை நாங்களே கட்டுகிறோம் என்று நகரத்தார் முன்வந்தார்கள். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் புனித லியோபோல்ட் பெயரில் தேவாலயம் எழுந்தது. அந்தப் பகுதிக்கும் பேரரசரின் பெயரே நிலைத்தது.

அதே பேரரசர் ஒரு யூதரை வியன்னாவுக்குள் வரவிட்டு, வீடு கொடுத்து, தம் படைகளின் சோற்றையும் வெடிமருந்தையும் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப் பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர் பெயர் சாமுவேல் ஓப்பன்ஹைமர்.

1630-இல் ஹைடல்பெர்க்கில் பிறந்தவர். ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரின் நடுவே பிறந்து வளர்ந்தவர். அந்தப் போர் முடிந்தபோது ஜெர்மானிய நாடுகள் நூற்றுக்கணக்கான சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு சிற்றரசனுக்கும் அரண்மனை வேண்டும், படை வேண்டும். வரி வசூலிக்கும் அமைப்போ பழைய காலத்தது. பணத்தைத் திரட்டவும் தொலைவிலிருந்து சரக்குக் கொண்டுவரவும் தெரிந்த ஆட்களை அவர்கள் தேடினார்கள். நிலம் வாங்கவும் கைவினைஞர் சங்கங்களில் சேரவும் தடுக்கப்பட்டு, வணிகமும் வட்டித் தொழிலும் மட்டுமே விட்டுவைக்கப்பட்ட யூதர்களில் சிலர் அந்த இடத்துக்குப் பொருந்தினார்கள். ஊருக்கு ஊர் உறவினர்கள், எல்லோருக்கும் பொதுவான எழுத்து, சொன்ன நாளில் பணம் கட்டும் பழக்கம் ஆகியவை அவர்களுடைய மூலதனம். வரலாற்றாசிரியர்கள் இவர்களை ‘அரசவை யூதர்’ என்று அழைக்கிறார்கள். ஓப்பன்ஹைமர் முதலில் பலாட்டினேட் சிற்றரசர் கார்ல் லுட்விக்கிடம் அந்த வேலையைப் பார்த்தார். பிறகு, 1670-களில் பிரான்சோடு நடந்த போரில், ரைன் நதிக்கரையில் நின்ற பேரரசுப் படைகளுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினார்.

அவர் வாழ்க்கையின் போக்கு முழுவதும் அந்த முதல் ஒப்பந்தத்திலேயே தெரிந்துவிட்டது. 1679-இல் நைமேகன் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. கருவூலம் அவருக்கு 2,00,000 கில்டன் தரவேண்டியிருந்தது, தர மறுத்தது. அவர் நேராகப் பேரரசரிடமே முறையிட்ட பிறகுதான் ஒரு பகுதியாவது கைக்கு வந்தது. மிச்சம் நின்றுபோயிற்று. வேறொரு வணிகராக இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பார். ஓப்பன்ஹைமர் திரும்பவில்லை, அடுத்த ஒப்பந்தத்துக்கும் கையெழுத்துப் போட்டார். பேராசை என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வியன்னாவில் அவர் வசிக்கும் உரிமையே அந்தச் சேவையோடு கட்டப்பட்டிருந்தது. கடன் கொடுப்பதை நிறுத்தினால், கொடுத்த கடன் வராது என்பதோடு, காலூன்றி நிற்கும் மண்ணும் போய்விடும்.

1683 ஜூலையில் துருக்கியப் பெருமந்திரி காரா முஸ்தபாவின் படை வியன்னாவைச் சூழ்ந்தது. பேரரசர் பாசாவு நகருக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 12 அன்று, போலந்து மன்னர் யான் சோபியஸ்கி தலைமையில் வந்த கூட்டுப்படை முற்றுகையை உடைத்தது. ஐரோப்பியப் பள்ளிக்கூடங்களில் இன்றும் சொல்லிக்கொடுக்கும் கதை இது. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஓப்பன்ஹைமரின் காலம். துருக்கியரை ஹங்கேரியின் ஊடாகத் துரத்திக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. துரத்துகிற படைக்கு யார் சோறு போடுவது?

இந்தக் கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்தக் காலத்துச் சிப்பாய் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ரொட்டி படி. ஐம்பதாயிரம் பேர் கொண்ட படை என்றால் ரொட்டி மட்டுமே ஒரு நாளைக்கு ஐம்பது டன். அதற்கு மாவு வேண்டும், மாவுக்கு ஆலை, அடுப்புக்கு விறகு. குதிரைகளுக்கு ஓட்ஸும் வைக்கோலும். பீரங்கிக்கு வெடிமருந்து, வெடிமருந்துக்கு வெடியுப்பு. சீருடைக்குத் துணி, காயம்பட்டவர்களுக்கு ஒயினும் மருந்தும். போர் நடந்த ஹங்கேரியச் சமவெளியோ ஒன்றரை நூற்றாண்டாக இரு பேரரசுகளும் மோதி மோதிப் பாழாகிக் கிடந்த நிலம். அங்கே எதுவும் கிடைக்காது. எல்லாம் மேற்கிலிருந்து வரவேண்டும்.

ஓப்பன்ஹைமர் ஆற்றைப் பிடித்துக்கொண்டார். டான்யூபிலும் அதில் வந்து சேரும் கிளையாறுகளிலும் தெப்பங்களையும் படகுகளையும் வரிசையாக விட்டார். மேல்நாட்டிலிருந்து தானியமும் மாவும் நீரோட்டத்தோடு கீழே இறங்கின. பொஹீமியாவிலிருந்து வெடிமருந்து, மொராவியாவிலிருந்து கம்பளித் துணி, ஹாலந்திலிருந்து ஆயுதங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஒவ்வோர் ஊரிலும் ஒரு முகவர். ஹானோவரில் லெஃப்மன் பெஹ்ரன்ஸ், ஹால்பர்ஸ்டாட்டில் பெரெண்ட் லேமன், கிளீவ்ஸில் கோம்பெர்ஸ் குடும்பம் எனத் தத்தம் இடத்தில் பெரும்புள்ளிகளாக இருந்த யூத வணிகர்கள் அந்த வலையில் கண்ணிகளாக இருந்தார்கள். பலர் கல்யாண உறவால் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். 1686 செப்டம்பர் 2 அன்று புடா கோட்டை விழுந்தது. 1688-இல் பெல்கிரேடு விழுந்தது. வென்ற தளபதிகளின் பெயர்கள் எல்லா நூலிலும் இருக்கின்றன. தெப்பங்களை அனுப்பியவர் பெயர் அடிக்குறிப்பில்தான் கிடைக்கிறது.

புடா வெற்றியில் நெஞ்சை அறுக்கும் இன்னொரு பக்கமும் உண்டு. கோட்டைக்குள் பல தலைமுறைகளாக ஒரு யூதச் சமூகம் வாழ்ந்துவந்தது. துருக்கியர் ஆட்சியில் அவர்கள் ஓரளவு நிம்மதியாகவே இருந்தார்கள். முற்றுகையின்போது துருக்கியரோடு சேர்ந்து நின்றார்கள். கோட்டை விழுந்ததும் பேரரசுச் சிப்பாய்கள் யூதர்களில் பலரை வெட்டிக் கொன்றார்கள். எஞ்சியவர்களைப் பிணைக்கைதிகளாக இழுத்துப்போனார்கள். ஓப்பன்ஹைமர் அனுப்பிய ரொட்டியைத் தின்ற சிப்பாய்கள்தான் அவர்கள். துருக்கியப் போர்களில் சிறைப்பட்ட யூதர்களை மீட்க அவர் பெருந்தொகை செலவிட்டார். கைதியை விலை கொடுத்து மீட்பது யூத அறத்தில் முதன்மையான கடமைகளுள் ஒன்று. ஒரு கையால் படையை நடத்திக்கொண்டு மறுகையால் அந்தப் படையிடமிருந்து தம் மக்களை விலைக்கு வாங்கவேண்டியிருந்த நிலையை வேறெந்தப் பணக்காரரும் அன்று அனுபவித்திருக்கமாட்டார்.

இத்தனை சரக்குக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஹோஃப்காமர் எனப்பட்ட அரண்மனைக் கருவூலத்தில் ரொக்கம் எப்போதும் கிடையாது. அது கொடுத்தது காகிதம். இந்த மாகாணத்தின் வரி அடுத்த ஆண்டு வந்ததும் உங்களுக்கு, அந்த மாகாணத்தின் வரி அதற்கடுத்த ஆண்டு உங்களுக்கு என்று ஒதுக்கீட்டு ஆணைகளை எழுதிக்கொடுத்தது. பல வேளைகளில் அதே வரி ஏற்கெனவே வேறொருவருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கும். ஓப்பன்ஹைமர் தம் பங்குக்கு மாற்றுச்சீட்டு எழுதினார். நம் செட்டிநாட்டு உண்டியலைப் போன்றதே அது: இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னார் இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு பணம் தருவார். ஃபிராங்ஃபர்ட்டிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கும் வணிகர் அதை வாங்கிக்கொண்டு சரக்கை அனுப்பினார். அவர் நம்பியது ஓப்பன்ஹைமரின் கையெழுத்தை. பேரரசரின் முத்திரையை யாரும் அந்த அளவுக்கு நம்பவில்லை.

கிறித்தவப் பிரபுக்கள் பலரும் தங்கள் பணத்தை வட்டிக்காக ஓப்பன்ஹைமரிடம் போட்டுவைத்தார்கள். நேராகக் கருவூலத்துக்குக் கொடுத்தால் திரும்பி வருமோ வராதோ என்ற பயம். ஆகவே நாட்டுப் பிரபுவின் பணம் அவர் கை வழியாக நாட்டு அரசனுக்குப் போயிற்று. நடுவில் நின்றவர் அந்த நாட்டில் சொந்தமாக ஒரு வீட்டைக்கூட உரிமையோடு வைத்துக்கொள்ள முடியாதவர். வட்டி அதிகம், விலை அதிகம் என்று அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு. உண்மையில் அதிகம்தான். கடன் வாங்கியவர் எப்போது தருவார் என்பதே தெரியாத வியாபாரத்தில் அந்த ஆபத்துக்கான விலையும் வட்டிக்குள் அடங்கியிருந்தது. 1688-இல் பிரான்சோடும் போர் மூண்டு, கிழக்கிலும் மேற்கிலும் ஒரே நேரத்தில் படை நடத்தவேண்டி வந்தபோது கடன் வேகமாக ஏறியது. 1694 வாக்கில் அரசு அவருக்குத் தரவேண்டியது முப்பது லட்சம் கில்டன்.

கருவூலத்தார் அவரை வெறுத்தார்கள். அவரில்லாமல் அவர்களால் ஒரு மாதம் தள்ள முடியவில்லை. இந்த வெறுப்புக்கு ஒரு முகம் கொடுத்தவர் லியோபோல்ட் கொலோனிச். 1670-இல் யூதர்களை வெளியேற்ற முனைந்து நின்றவர்களில் ஒருவர், பின்னாளில் கர்தினால், 1692 முதல் இரண்டாண்டுகள் கருவூலத்தின் தலைவர். ஓப்பன்ஹைமரை விலக்கிவிட்டுக் கிறித்தவ வணிகர்களைக் கொண்டு படைக்குச் சரக்கு அனுப்பப் பார்த்தார். அந்த அளவுக்குக் கடன் தாங்கக்கூடியவர் எவரும் அகப்படவில்லை.

1697-இல் வேறொரு வழி திறந்தது. சாம்சன் வெர்ட்ஹைமர் என்பவர் ஓப்பன்ஹைமரிடம் வேலைக்கு வந்து, பிறகு தாமே பெரிய வங்கியாளராக வளர்ந்தவர். அவரைக் கொல்ல ஓப்பன்ஹைமர் சதி செய்தார் என்று குற்றம் சாட்டி, அறுபத்தேழு வயதுக்காரரைச் சிறையில் அடைத்தார்கள். குற்றச்சாட்டு பொய். ஆனாலும் 5,00,000 கில்டன் கட்டிய பிறகுதான் கதவு திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சவாய் இளவரசர் யூஜின் ஜென்டாவில் துருக்கிய சுல்தானின் படையை நொறுக்கினார். ஹாப்ஸ்பர்க் பேரரசு வல்லரசாக எழுந்த ஆண்டும், அந்த எழுச்சிக்குக் கடன் கொடுத்தவரிடம் அரசே பணம் பறித்த ஆண்டும் ஒன்றுதான்.

மூன்று ஆண்டு கழிந்து இன்னும் மோசமான ஒன்று நடந்தது. 1700 ஜூலையில் பவர்ன்மார்க்ட் தெருவிலிருந்த அவருடைய வீட்டின் எதிரே புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளி ஒருவனுக்கும் வீட்டாருக்கும் சின்னத் தகராறு. சற்று நேரத்தில் பெருங்கூட்டம் கூடிவிட்டது. கதவை உடைத்து உள்ளே புகுந்து, கைக்குக் கிடைத்ததை எல்லாம் சூறையாடியது. விலையுயர்ந்த பொருள்களோடு ஏராளமான கடன் பத்திரங்களும் கணக்குத் தாள்களும் நாசமாயின. பேரரசர் படையை அனுப்பிக் கலகத்தை அடக்கி, தலைமை தாங்கிய இருவரைத் தூக்கிலிட்டார். நியாயம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். போன காகிதங்கள் திரும்பி வரவில்லை. கடனைக் காட்டும் சான்று காகிதம்தான் என்னும் தொழிலில் அது பொருள் இழப்பைவிடப் பெரிய இழப்பு.

அந்த ஆண்டில்தான் ஐசன்மெங்கர் என்ற ஹைடல்பெர்க் பேராசிரியர் யூத சமயத்தை இழிவுபடுத்தும் பெரிய நூலொன்றை ஃபிராங்ஃபர்ட்டில் அச்சிட்டு முடித்திருந்தார். கல்விமான் எழுதிய வெறுப்பு, சந்தையில் கத்துகிறவனின் வெறுப்பைவிட நீண்டநாள் வாழும் என்பதை ஓப்பன்ஹைமர் உணர்ந்திருந்தார். அவரும் வெர்ட்ஹைமரும் பேரரசரிடம் பேசி, அச்சிட்ட 2,000 படிகளையும் முடக்கவைத்தார்கள். 1711-இல் பிரஷ்ய மன்னரின் செலவில் அது மறுபடி அச்சாயிற்று. பிற்கால யூத எதிர்ப்பாளர்கள் பல தலைமுறைக்கு அதிலிருந்து மேற்கோள் எடுத்தார்கள்.

வியன்னாவில் யூதர்கள் குடியிருக்கச் சட்டப்படி இடமில்லை. ஓப்பன்ஹைமருக்குத் தனிச் சலுகை. ஆனால் அவர் வீட்டாரும் பணியாளர்களும் அந்தச் சலுகைக்குள் வருவார்கள். ஆகவே கணக்கர், எழுத்தர், சமையற்காரர், கோஷர் முறைப்படி ஆடுமாடு அறுப்பவர், அவர்களின் குடும்பங்கள் என்று பலர் ‘ஓப்பன்ஹைமர் வீட்டார்’ என்ற பெயரில் நகருக்குள் வந்தார்கள். பொதுத் தொழுகைக்கூடத்துக்கு அனுமதி கிடையாது, வீட்டுக்குள்ளேயே தொழுதார்கள். நகருக்கு வெளியே ரோசாவில் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி அவர் ஒரு மருத்துவமனை கட்டினார். 1700-இல் யூதா ஹசீத் என்ற ரபி தம் சீடர்களோடு எருசலேமுக்குப் புறப்பட்டபோது அந்தப் பயணத்துக்கு உதவினார். துரத்தப்பட்ட வியன்னா யூதச் சமூகம் மறுபடி துளிர்த்தது இந்த ஒரு மனிதரின் வீட்டுக் கூரைக்குக் கீழேதான். என் கணக்கில் புடாவையும் பெல்கிரேடையும்விட இதுவே அவருடைய பெரிய சாதனை.

இளவரசர் யூஜின் துருக்கியிலிருந்து கொண்டுவந்த ஹீப்ரூக் கையெழுத்துப் படிகளை அவருக்குக் கொடுத்தார். அவற்றை அவர் தம் உறவினரும் பிற்காலத்தில் பிராகின் தலைமை ரபியுமான டேவிட் ஓப்பன்ஹைமிடம் சேர்ப்பித்தார். டேவிடின் நூலகத்தை ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் 1829-இல் விலைக்கு வாங்கியது. ஹீப்ரூ இலக்கியம் படிக்கும் அறிஞர்கள் இன்றும் அதைத் தேடிப்போகிறார்கள்.

1701-இல் ஸ்பெயின் அரியணைக்கான போர் தொடங்கியது. எழுபது வயதைத் தாண்டிய ஓப்பன்ஹைமர் மீண்டும் இத்தாலிக்கும் ரைனுக்கும் சரக்கு அனுப்பினார். 1703 மே 3 அன்று வியன்னாவில் இறந்தார்.

பேரரசு அவருக்குத் தரவேண்டிய கடன் ஏறக்குறைய அறுபது லட்சம் கில்டன் என்று வாரிசுகள் கணக்குக் காட்டினார்கள். கருவூலத்திடம் அவ்வளவு பணமும் இல்லை, கொடுக்கும் எண்ணமும் இல்லை. ஓப்பன்ஹைமரின் நிறுவனம் திவால் என்று கருவூலம் அறிவித்தது. பிறகு ஒரு படி மேலே போய், அவர் அரசை ஏமாற்றினார் என்றும், அவர் குடும்பம்தான் அரசுக்கு நாற்பது லட்சம் தரவேண்டும் என்றும் எதிர்க்கணக்கு எழுதியது. ஓப்பன்ஹைமரின் சீட்டை நம்பிச் சரக்கும் பணமும் கொடுத்திருந்தவர்கள் பல நகரங்களில் கதிகலங்கினார்கள். பேரரசுக்கு இனி ஒரு காசும் கடன் கொடுக்க ஆளில்லை. மேற்கே பிரான்சும் பவேரியாவும், கிழக்கே ஹங்கேரியில் ராக்கோசியின் கிளர்ச்சி. போர் மன்றத்துக்கு அப்போதுதான் தலைமை ஏற்ற யூஜின், சம்பளமில்லாத, துணியில்லாத படையைப் பெற்றுக்கொண்டார்.

அந்த ஆண்டே அரசு பாங்கோ டெல் ஜிரோ என்ற வங்கியைத் தொடங்கிப் பார்த்தது. நிலைக்கவில்லை. கருவூலத்தின் புதிய தலைவர் குண்டாக்கர் ஸ்டார்ஹெம்பர்க் ஒன்றைப் புரிந்துகொண்டார்: பேரரசரின் பெயரில் வங்கி வைத்தால் ஒருவரும் பணம் போடமாட்டார்கள். ஆகவே 1705-இல் ஆணை பிறப்பித்து, வியன்னா நகராட்சியின் பொறுப்பில் நகர வங்கி ஏற்படுத்தப்பட்டது. அது பிழைத்தது, பேரரசின் கடனை நெடுங்காலம் சுமந்தது. ஒரு தனிமனிதர் முப்பது ஆண்டுகளாகச் செய்த வேலையைச் செய்ய ஒரு நகரமே வேண்டியிருந்தது. நடுவில் ஏற்பட்ட பள்ளத்தை வெர்ட்ஹைமர் தம் பணத்தாலும் பெயராலும் நிரப்பினார். ஏமாற்றுக்காரர் என்று பட்டம் கட்டப்பட்ட சாமுவேலின் மகன் இமானுவேலையே படைக்குச் சரக்கு அனுப்பக் கருவூலம் திரும்பக் கூப்பிட்டது என்பதையும் சொல்லவேண்டும். அவரும் அனுப்பினார். 1721-இல் அவர் இறக்கும்வரை அப்பாவின் கணக்கு தீரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில்தான் ஓப்பன்ஹைமரின் கடிதங்களையும் கணக்குகளையும் ஒருவர் முழுமையாகப் புரட்டினார். வியன்னாவின் ரபியும் வரலாற்றாசிரியருமான மாக்ஸ் குருன்வால்ட் 1913-இல் ஓப்பன்ஹைமரின் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். அந்தக் கடிதங்களும் கணக்குகளும் காட்டுவது தெளிவாகவே இருக்கிறது: 1703-இல் திவாலானது ஓப்பன்ஹைமர் அல்ல, ஹாப்ஸ்பர்க் அரசு. திவால் என்ற சொல்லைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல், செத்துப்போன யூதர் ஒருவர்மேல் போட அதற்கு அதிகாரம் இருந்தது.

ஓப்பன்ஹைமரும் வெர்ட்ஹைமரும் ரோசாவின் ஸீகாஸ தெருக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கமானார்கள். நாஜிகள் காலத்தில் அங்கிருந்த கல்லறைக் கற்களில் பலவற்றை மிஞ்சியிருந்த யூதர்கள் எடுத்துப்போய் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து மறைத்தார்கள். 1980-களில் அவை மீட்கப்பட்டுப் பழைய இடத்தில் நாட்டப்பட்டன. இன்று அந்தத் தெருவில் ஒரு முதியோர் இல்லத்தின் பின்புறத்தில் அந்தத் தோட்டம் இருக்கிறது. வியன்னா போகும் தமிழர்கள் அரண்மனைகளைப் பார்த்து முடித்ததும், அவற்றில் இருந்தவர்களுக்குக் கடன் கொடுத்தவரின் இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.